தலைப்பில் ஊர்ப்பெயர் இல்லாத ஊர்கள்

1925-ல் எர்னஸ்ட் பர்ஜெஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். நகரம் எப்படி விரிகிறது என்பதை ஒரே மையத்தைச் சுற்றிய ஐந்து வளையங்களாக வரைந்து காட்டினார். நடுவில் வணிகப் பகுதி. அதையொட்டிச் சிதைந்துகொண்டிருக்கும் இடைநிலைப் பகுதி. அடுத்துத் தொழிலாளர் குடியிருப்பு, அதற்கும் வெளியே வசதி படைத்தோர் வீடுகள், கடைசி வளையத்தில் தினமும் ரயிலேறி வேலைக்கு வந்துபோகிறவர்கள். அவர் பார்த்து வரைந்தது சிகாகோ நகரத்தை. ஊரின் கிழக்குப் பக்கத்தை மிச்சிகன் ஏரி அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே வளையங்கள் அரைவட்டங்கள்தான். ஆனாலும் கட்டுரையின் தலைப்பில் சிகாகோ என்ற பெயர் கிடையாது. ‘நகரத்தின் வளர்ச்சி’ என்றே அது தொடங்குகிறது. இன்றும் நம் ஊர்க் கல்லூரிகளில் புவியியல் படிப்பவர்கள் அந்த ஐந்து வளையங்களைத் தேர்வில் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

வளையங்கள் மதுரையிலும் உண்டு. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, பழைய கோட்டை இருந்த எல்லையில் வெளி வீதி. சிகாகோவில் ஏழைகள் நடுவிலும் பணக்காரர்கள் விளிம்பிலும் இருந்தார்கள் என்றால், பழைய கோயில் நகரங்களில் வரிசை தலைகீழ். சாதியிலும் செல்வத்திலும் மேலிடத்தில் இருந்தவர்கள் கோயிலை ஒட்டிக் குடியிருந்தார்கள், மற்றவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். நகரத்தின் அமைப்பைப் பற்றி ஒரு பொதுக் கருத்தைச் சொல்ல இதுவும் நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒருவர் இதை எழுதிப் பன்னாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினால் தலைப்பின் வாலில் ‘தென்னிந்தியாவின் மதுரையை முன்வைத்து’ என்று எழுதியாக வேண்டியிருக்கும். சிகாகோ கோட்பாடாகிவிட்டது. மதுரை எடுத்துக்காட்டாகவே நிற்கிறது.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை. 1996 முதல் 2020 வரை வெளியான ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட சமூக அறிவியல் கட்டுரைகளின் தலைப்புகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2022-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. ஐரோப்பா, வட அமெரிக்கா பற்றிய கட்டுரைகள் தலைப்பில் இடத்தைச் சொல்லாமல் விடுவது அதிகம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பற்றியவை இடத்தைச் சொல்லியே தொடங்குகின்றன. எல்லாச் சமூக அறிவியல்களுக்கும் இது பொருந்தும் என்றாலும் நகரத் திட்டமிடலில் இதன் விளைவு கூடுதல். இயற்பியலுக்கு முகவரி தேவையில்லை. திட்டமிடலில் முகவரியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒரு கட்டுரை எந்த வழியில் அச்சேறுகிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். முதலில் இதழாசிரியர் புரட்டிப் பார்ப்பார். பெரிய இதழ்களில் வருகிறவற்றில் கணிசமான பங்கு அந்த மேசையிலிருந்தே திரும்பிவிடும். தப்பியது இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களிடம் போகும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. திருத்தம், மறு திருத்தம் என்று மாதங்கள் ஓடும், ஓர் ஆண்டு தாண்டுவதும் உண்டு. இந்த வழி நெடுக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: ‘இந்த ஊரைப் பற்றி அறியாத வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது?’

கேள்வி நியாயமானதே. தேனியில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் எழுதினால் அது ஆய்வுக் கட்டுரை ஆகாது. ஆணையருக்கு எழுதும் புகார் மனுவாகத்தான் இருக்கும். ஏன் அடைக்கிறது, இந்த அடைப்புக்குப் பின்னால் இருக்கும் நிர்வாக முறை வேறு எங்கெல்லாம் இதே வேலையைச் செய்யும் என்று சொல்லும்போதுதான் அது அறிவாகிறது. கேள்வியில் குறை இல்லை, அது எல்லோரிடமும் கேட்கப்படவில்லை என்பதே குறை. லீட்ஸ் நகரத்தைப் பற்றி எழுதுகிறவரிடம் கோயம்புத்தூர் வாசகருக்கு இதில் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

‘பெயர் மறைத்த மதிப்பாய்வு’ என்பதும் சின்ன ஊர்களைத் தொட்டால் கேலிக்கூத்தாகிவிடுகிறது. லண்டன் வாடகை வீடுகளைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள், எழுதியவரை ஊகிக்க முடியாது. திண்டுக்கல் தோல் பதனிடும் பகுதியின் நிலப் பயன்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இரண்டு பேர் இருந்தாலே அதிகம். ஊர்ப்பெயரைப் படித்ததும் மதிப்பாய்வாளருக்கு ஆள் தெரிந்துவிடும்.

வரைபடத்தின் கதை இன்னும் மோசம். திட்டமிடுகிறவருக்கு வரைபடம்தான் சான்று. எந்தப் புல எண்ணில் ஏரி முடிகிறது, எந்தப் புல எண்ணில் மனைப்பிரிவு தொடங்குகிறது என்பதில்தான் வழக்கே இருக்கும். 5,000-க்கு 1 என்ற அளவில் வரைந்தால் ஒரு சென்டிமீட்டர் 50 மீட்டர். ஆய்விதழின் பக்கத்தில் படத்துக்குக் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். ஆக ஒரு பக்கத்துக்குள் 750 மீட்டர் ஊர் அடங்கும், அவ்வளவுதான். முழு நகரத்தையும் அதற்குள் திணித்தால் புல எண் போய்விடும், வாய்க்கால் போய்விடும், சான்றாக இருந்தது அலங்காரமாக மாறிவிடும். இணையத்தில் படிக்கும் காலத்திலும் இதழ்களின் அச்சுப்பக்க வடிவம் மாறவில்லை.

ஆய்விதழ்களுக்கு வெளியேயும் ஓர் ஏடு இந்தத் துறைக்கு உண்டு: ஊர் ஊராகப் போய் எழுதிய அறிக்கைகள். லிவர்பூல் பல்கலைக்கழகத்திலிருந்து நகரத் திட்டமிடலுக்கான ஆய்விதழ் ஒன்று பாட்ரிக் அபர்குரோம்பியை ஆசிரியராகக் கொண்டு 1910-ல் வரத் தொடங்கியது. அது வந்து நாலைந்து ஆண்டுகளில் பாட்ரிக் கெடிஸ் சென்னைக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியர். ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் வந்தவருக்குப் பின்னால் அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தன. வழியில் அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. எந்தப் போர்க்கப்பல் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போய், கில்லாடியான ஆளைக் குறிக்கும் ஒரு சொல்லையே தமிழுக்குக் கொடுத்த அந்த எம்டன்தான். வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குள் போன பிறகும் கெடிஸ் புதிதாகப் படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

பிறகு மதுரை, தஞ்சாவூர் என்று மாகாணத்தின் ஊர்களைச் சுற்றினார். சுகாதாரத்தின் பெயரால் குறுகிய தெருக்களை இடித்து நேர்கோட்டில் அகலச் சாலை போடுவதுதான் அன்றைய அதிகாரிகளின் மருந்து. தஞ்சைக் கோட்டைக்குள்ளும் அப்படி ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் தெருத் தெருவாக நடந்துவிட்டு, இடிந்து கிடக்கும் வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு அங்கங்கே திறந்த வெளிகளை உண்டாக்கினால் போதும், காற்றும் வெளிச்சமும் வரும், குடியிருப்பவர்களை விரட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு என்று எழுதினார். ஊரைக் கொல்லாமல் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சை என்று அதை அவர் அழைத்தார். அந்த அறிக்கைகளை எந்த மதிப்பாய்வாளரும் பார்க்கவில்லை. அவை அரசாங்கத்துக்கு எழுதியவை, உள்ளூர் அச்சகங்களில் சில பிரதிகள் மட்டும் அச்சானவை. கெடிஸ் 1932-ல் இறந்தார். 1947-ல் ஜாக்குலின் டிரிவிட் என்ற திட்ட வல்லுநர் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை லண்டனில் நூலாக்கிய பிறகுதான் உலகம் படித்தது. தஞ்சாவூரைப் பற்றிய கருத்து தஞ்சாவூரில் பிறந்து, லண்டன் போய், கோட்பாடாகித் திரும்பி வந்தது. இதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

இன்று ஒரு பேராசிரியர் கெடிஸ் செய்ததைச் செய்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதிமுறைகளின் பின்னிணைப்பில் அதற்கான கணக்கு இருக்கிறது. மதிப்பாய்வுள்ள இதழில் ஒரு கட்டுரை எழுதினால் அறிவியல், பொறியியல் துறையினருக்கு 8 மதிப்பெண், சமூக அறிவியல், கலைத் துறையினருக்கு 10. நகரத் திட்டமிடல் இதில் எந்தப் பக்கம் என்பது அந்தத் துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதழின் ‘தாக்கக் காரணி’ கூடினால் மேலும் மதிப்பெண் சேரும். கொள்கை ஆவணங்களுக்கும் ஒரு வரி உண்டு: பன்னாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் 10, தேசிய அளவில் 7, மாநில அளவில் 4. அதற்குக் கீழே படி இல்லை. நகராட்சிக்காக எழுதிய ஆவணத்துக்கு அட்டவணையில் கட்டமே போடவில்லை. வாஷிங்டனில் இருக்கும் உலக வங்கிக்கு எழுதினால் 10 கிடைக்கிறது, தான் தண்ணீர் வரி கட்டும் நகராட்சிக்கு எழுதினால் ஒன்றும் கிடைப்பதில்லை.

தாக்கக் காரணியையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அது. மருத்துவத்தில் இரண்டு ஆண்டு என்பது நெடுங்காலம். ஒரு நகரத்தின் முழுமைத் திட்டத்துக்கோ (மாஸ்டர் பிளான்) ஆயுள் 20 ஆண்டு. சாலை வந்ததா, ஏரி தப்பியதா என்று தெரிய அவ்வளவு காலம் ஆகும். இருபது ஆண்டு காத்திருந்து எழுதிய கட்டுரையை இரண்டு ஆண்டுக் கடிகாரத்தை வைத்து அளக்கிறார்கள்.

கட்டுரை கட்டாயமானதும் கூடவே ஒரு சந்தையும் முளைத்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2016 விதிமுறை சொன்னது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் போலி இதழ்களுக்கு நல்ல காலம். அவற்றை வடிகட்ட மானியக் குழுவே ஒரு பட்டியல் போட்டது. 2022-ல் கட்டுரைக் கட்டாயத்தை எடுத்தார்கள், 2025-ல் பட்டியலையும் கைவிட்டார்கள். இப்போது எது நல்ல இதழ் என்று அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆய்விதழ் முறையே வீண் என்று சொல்ல வரவில்லை. அதன் வலிமை தெரியும் இடமும் உண்டு. டென்மார்க்கின் பென்ட் ஃப்ளூபியாவும் அவருடைய சகாக்களும் 2002-ல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, கட்டும் முன் சொன்ன செலவையும் கட்டி முடித்தபோது ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பத்தில் ஒன்பது திட்டங்களில் முதலில் சொன்னது குறைவு. ரயில் திட்டங்களில் செலவு சராசரியாக 45 சதவீதம் ஏறியிருந்தது. தவறுதலாக நடந்திருந்தால் சில ஊர்களில் கூடவும் சிலவற்றில் குறையவும் செய்திருக்கும், எல்லா இடத்திலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் இது பிழை அல்ல, பொய் என்று அந்தக் கட்டுரை சொன்னது. தரவைத் திரட்டவே நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த இதழை நடத்துவது மதிப்பீடு போடும் தொழிலில் இருப்பவர்களின் சங்கம். குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. அந்தத் தலைப்பிலும் ஊர்ப்பெயர் இல்லை, ஆனால் அது நியாயம். 258 ஊர்த் திட்டங்களை எண்ணிவிட்டுப் பெயரை விடுவது வேறு, ஓர் ஊரைப் பார்த்துவிட்டுப் பெயரை விடுவது வேறு.

இதே இதழ் பழைய பெயரில் வந்துகொண்டிருந்த 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் போட்டார். அடிப்படியில் மக்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது, உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரமே மக்களிடம் இருப்பது. நம் ஊர்க் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது எந்தப் படி என்பது நன்றாகத் தெரியும். ஆர்ன்ஸ்டீன் பேராசிரியர் இல்லை, அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்தவர். அலுவலகத்தில் கண்டதை எழுதினார். உலகம் முழுவதும் திட்டமிடல் மாணவர்கள் படிக்கும் கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது. இன்று ஒரு நகரமைப்பு அலுவலர் தன் மேசையில் கண்டதை அப்படி எழுதிக் கொடுத்தால், ஆய்வு முறையியல் எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பிவிடுவார்கள்.

இந்தியாவில் ஓர் ஆய்வு ஒழுங்காகப் பயணப்பட்ட கதையும் இருக்கிறது. மக்கள்தொகை 5,000-க்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில் என்று இருந்தால் அந்த இடத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரம் என்றே எண்ணும். ஆனால் ஆள்வது ஊராட்சியாக இருக்கும். இப்படிப்பட்ட ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ 2001-ல் 1,362 இருந்தன, 2011-ல் 3,894 ஆகிவிட்டன. அந்தப் பத்து ஆண்டு நகர வளர்ச்சியில் ஏறத்தாழ 30 சதவீதம் இந்த மறுவகைப்பாட்டால் வந்தது என்று 2013-ல் மும்பையிலிருந்து வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஒரு கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. கணக்கெடுப்பு முடிந்து இரண்டே ஆண்டில், பேராசிரியர்களும் அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் ஒருசேரப் புரட்டும் வார இதழில். நாட்டின் நகரங்களில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்று நிதி ஆயோக் 2021-ல் சொன்னபோது, கணக்கெடுப்பு நகரங்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டது. மாநிலங்களில் அனுமதிக்கப்பட்ட நகரத் திட்ட அலுவலர் பணியிடங்கள் 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் 42 சதவீதம் காலி என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

இருக்கும் அந்தச் சொற்ப அலுவலர்களின் கையில் ஆய்வு சேர்கிறதா? அரசு நிறுவனங்களுக்காக ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், ஏறத்தாழ 6,300 அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். மாணவர்களுக்கு இது பெரிய வரம்தான், மறுக்க முடியாது. ஆனால் பட்டியலில் இருப்பவை கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும். நகராட்சி அலுவலகம் அதில் இல்லை. தன் ஊரைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையைப் படிக்க நகரமைப்பு ஆய்வாளர் சொந்தப் பணத்தில் முப்பது, நாற்பது டாலர் கொடுக்க வேண்டும். அல்லது கட்டுரையை எழுதியவர் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் கட்டினால் இதழ் அதை எல்லோருக்கும் திறந்துவிடும். அந்தத் தொகையில் ஒரு சின்ன ஊரின் கள ஆய்வையே முடித்துவிடலாம்.

கதவு திறந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலம். நிலத்தைப் பற்றித் தமிழில் இருக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். நத்தம், புறம்போக்கு, மேய்க்கால், நஞ்சை, புஞ்சை, தாங்கல், கண்மாய், ஏரியின் உள்வாய். ஒவ்வொன்றும் யாருக்கு என்ன உரிமை என்பதைச் சொல்லும் சொல். மேய்க்கால் புறம்போக்கு என்றால் ஊர் மாடு மேயும் பொதுநிலம். ஆங்கிலக் கட்டுரைக்குள் போனதும் அது ‘பயன்படுத்தப்படாத அரசு நிலம்’ ஆகிவிடுகிறது. பயன்படாத நிலத்தில் என்ன வேண்டுமானாலும் கட்டலாம் அல்லவா? மொழிபெயர்ப்பிலேயே நிலம் கைமாறிவிடுகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று 2020 ஜூன் 30-ல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசின் வரைவுக்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரைக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஒவ்வொரு கட்டுரையோடும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை, புல எண் தெரியும் பெரிய வரைபடத்தோடு, யாரும் எடுத்துப் படிக்கும்படி வைக்கலாம். இதற்குப் பெரிய செலவும் கிடையாது. மதிப்பெண்ணும் கிடையாது, அதுதான் சிக்கல்.

இன்னொரு முட்டுக்கட்டை, இந்தியாவில் எழுதுகிற எல்லோருக்கும் பொதுவானது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை நகர ஆய்வு எல்லாம் 2011-ன் எண்களில்தான் நிற்கிறது. வெளிநாட்டு மதிப்பாய்வாளர் ‘ஏன் இவ்வளவு பழைய தரவு?’ என்று கேட்பார். எழுதியவர் ஒரு பத்தி விளக்கம் எழுதிச் சேர்ப்பார். அந்தப் பத்திக்காக வேறொரு பத்தியை வெட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் சொல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பெரும்பாலும் வெட்டுப்படுவது ஊரைப் பற்றிய வருணனைதான்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது குறிவைத்த ஆண்டு 2026. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரை. அதற்கு நடுவே, 2022 அக்டோபரில், பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இரண்டாம் திட்டத்தில் வரைந்த சாலைகளில் எத்தனை வந்தன, பசுமையாக விட்ட இடங்களில் எத்தனை அப்படியே இருக்கின்றன, நிலப் பயன்பாட்டை மாற்றித் தரும்படி வந்த விண்ணப்பங்களில் எத்தனை ஏற்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. யாராவது அதை எழுதுவார்கள், ஏதாவது ஓர் இதழில் 2028 வாக்கில் வரவும் செய்யும். அதற்குள் மூன்றாவது திட்டத்தின் வரைபடங்களில் வண்ணம் தீட்டி முடித்திருப்பார்கள்.